அடலின் தின்ற பேரிக்காய்

பாதிரியார் வீடு, கோல்ஃபர்ட்
பெட்ஃபர்ட்ஷயர்
9 ஜனவரி 1893

அன்புள்ள பிலிப்பா,

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக ஒரு பெண்ணைக் கொன்றேன். கணப்பில் நெருப்பு வைக்க ஆனி மேலே வருவதற்குள், கட்டிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, முழங்கால்மேல் பலகையை வைத்து எழுதி முடித்துவிட்டேன். நிமோனியா. ஓய்வுபெற்ற மேஜர் ஒருவருடைய நாவலில் வருகிறவள். கணவனின் நண்பனோடு ஓடிப்போய் இத்தாலியில் சுகமாக இருந்தாள். இனி இல்லை.

ஆறு வருடம் பேசாமலிருந்துவிட்டுக் கடிதத்தை இப்படியா தொடங்குவார்கள் என்பாய். என் பிழைப்பைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. லண்டனில் ஸ்பர்லிங் என்ற பதிப்பாளருக்கு நான் நாவல்களின் முடிவைச் செப்பனிட்டுத் தருகிறேன். நீ அங்கே மறந்திருக்கலாம். இங்கே நாவலை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பெரிய சந்தா நூலகம் மொத்தமாக வாங்கி, பெட்டி பெட்டியாக வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் வேண்டாமென்றால் அந்தப் புத்தகம் பிறக்கவேயில்லை. தவறிய பெண் மூன்றாம் பாகத்தில் செத்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முன்பெல்லாம் கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டால் போதும். இப்போது அது கத்தோலிக்க வாடை அடிக்கிறதாம். ஆகவே காசநோய், விஷக் காய்ச்சல், கீழே தள்ளும் குதிரை. என் தம்பி எட்மண்ட் இந்த வேலைக்குத் தடை சொல்வதில்லை. "உன் கை பட்டா எந்தப் புத்தகமும் சுத்தமாயிடும், மார்ஜரி" என்று விருந்தாளிகளிடம் என்னைக் காட்டிச் சொல்வான்.

போன வியாழக்கிழமை ஸ்பர்லிங் என்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மேசைமேல் ஒரு நாவல், மூன்றாம் பாகம்வரை அச்சுக்கோத்து முடிந்தது. எழுதியவர் ஜி. எஃப். மார்லண்ட், முகவரி பெல்ஜியத்தில் ப்ரூஜ் என்றிருந்தது.

"பேரிக்காய் தின்றா, மிஸ் ஹோல்ட்!" என்றார். மனிதர் முகம் சிவந்திருந்தது. "புருஷனை விட்டுட்டு வந்தவ. அவன் அடிச்சானா? இல்ல. குடிச்சானா? அதுவும் இல்ல. வீட்ல இருக்கிற ஒரு பொருளைக்கூட அவன் நிமிர்ந்து பாத்ததில்லையாம், அதுக்காக வந்துட்டா! சரி, வந்தவ அழ வேண்டாமா? ஒரு இருமலாவது வேண்டாமா? ஜன்னல்ல நீல ஜாடியை வச்சுட்டு உக்காந்து பேரிக்காய் தின்றா. கதை முடிஞ்சுபோச்சு!"

"பேரிக்காய் நல்லா இருந்ததாமா?"

"நூலகத்துக்காரருக்குக் கோபமே அதுதான். ரொம்ப நல்லா இருந்ததாம்."

ரயிலில் வரும்போது படித்தேன். கத்தியின் முதுகால் பழத்தை இரண்டு தட்டுத் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டுத்தான் அடலின் அதை வெட்டுகிறாள். உலகத்தில் ஒருத்தியைத் தவிர அப்படிச் செய்கிறவர்களை நான் கண்டதில்லை. கிரேக்கத் தேர்வு நாளன்று நாங்களெல்லாம் தாழ்வாரத்தில் வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டு ஓட, நீ ஜன்னலில் உட்கார்ந்து பேரிக்காயின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஆகவே கேட்கிறேன், பிலிப்பா. அடலினை நான் சாகடிக்க வேண்டும் என்கிறார் ஸ்பர்லிங். நான் மறுத்தால் டோஸர் என்பவரிடம் போகும். அவர் எல்லோரையும் ரயிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். என்ன செய்யட்டும்?

பதிலைக் கோல்ஃபர்ட் தபால் நிலையத்துக்கே அனுப்பு. நான் போய் வாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வரும் தபாலை எட்மண்ட் காலை உணவின்போது பிரித்து அடுக்குகிறான். உன் பெயர் இந்த வீட்டில் இன்னும் சொல்லப்படுவதில்லை.

மார்ஜரி

*

ப்ரூஜ்
15 ஜனவரி

மார்ஜரி,

ஆறு வருடத்துக்கு முன் டோவரிலிருந்து வந்த கப்பலில் உனக்காக நான் வாங்கிய இருக்கையில் என் குடை உட்கார்ந்து வந்தது. நல்ல துணை. வழியெல்லாம் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. துறைமுகத்தில் கடைசி மணி அடிக்கும்வரை நான் உன் சாம்பல் நிறத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை உனக்குச் சொல்ல இத்தனை நாள் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது சொல்லியாயிற்று.

அடலின் சாக மாட்டாள்.

அவள் செய்த குற்றம்தான் என்ன? நான் மணந்த ஜெரால்டைப் போன்ற ஒரு வழக்கறிஞரின் வீட்டில், பழுப்புத் திரைகளுக்கு நடுவே, கண் இருந்தும் பார்க்காத மனிதனோடு பதினோரு வருடம் இருந்தாள். பிறகு பார்ப்பதற்காக வெளியே வந்தாள். அவ்வளவுதான். காதலன் ஒருவனை வைத்திருந்தால் உங்கள் நூலகத்துக்காரருக்கு எளிதாக இருந்திருக்கும். பாவம், ஒரு ஜாடிக்காகப் போனவளை வேதத்தின் எந்தக் கட்டளையின் கீழ் தண்டிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்லூரியிலேயே உன்னிடம் சொன்னேன், நீ தலையை ஆட்டிவிட்டு மறுத்தாய். அழகு யாருடைய வேலைக்காரியும் இல்லை. அதன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வீட்டைப் பெருக்கச் சொல்லாதே. ஒரு பக்கம் அழகாக எழுதப்பட்டிருந்தால் அது தன் கடனைச் செலுத்திவிட்டது. அதன் பிறகு நல்லது கெட்டது என்று அதன் பின்னால் ஓட வேண்டியதில்லை. நான் இதை இன்னும் நம்புகிறேன். இதை நம்பித்தான் இங்கே மாடியறையில் வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன்.

(இரண்டு நாள் கழித்து.)

மேலே உள்ளதைக் கிழிக்கவில்லை. அதுவும் இருக்கட்டும். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன்.

என் மகள் உர்சுலாவுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. நீ அவளுக்கு ஞானத்தாய். என்னைவிட நீ அவளை அதிகம் பார்த்திருப்பாய். நான் எழுதும் கடிதங்களை ஜெரால்ட் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறான். ஆனால் அவன் அந்த நூலகத்தை நம்புகிறான், வேதத்தை நம்புவதைவிட. மாதத்துக்கு ஒரு பெட்டி வருகிறது. உர்சுலா அதிலிருப்பதையெல்லாம் படித்துத் தீர்க்கிறாள் என்று என் பழைய சமையல்காரி எழுதுகிறாள். அந்தப் பெட்டிக்குள் நுழைவதற்காகத்தான் எனக்கு ஆண் பெயர், மூன்று பாகம், ஸ்பர்லிங் எல்லாம். "அம்மா ஏன் போனாள்" என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடலின் சொல்வாள் என்று நினைத்தேன்.

இப்போது, செத்தால்தான் பெட்டிக்குள் போகலாம் என்கிறீர்கள். சாகாவிட்டால் உர்சுலாவுக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேராது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய்.

சரி, செய். முதல் இரண்டு பாகமாவது என்னுடையதாகப் போகட்டும். ஆனால் டோஸரின் ரயில் வேண்டாம். என் புத்தகத்தில் ரயில் ஏறக் கூடாது. அழகாகச் செய்ய முடிந்தால் செய். உன்னால் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நீ எப்போதும் நன்றாக எழுதுவாய், மார்ஜரி. அழகாக எழுதியதில்லை.

பி.

*

கோல்ஃபர்ட்
2 பிப்ரவரி

அன்புள்ள பிலிப்பா,

இத்துடன் அத்தியாயம்.

உன் கடைசி வரி என்னைக் குத்தவில்லை என்று எழுதி அடித்தேன், குத்தியது. அதனால்தான் இது இவ்வளவு நாள் எடுத்தது. வழக்கமாக ஒரு காலைப்பொழுது போதும்.

இங்கே எப்படி எழுத வேண்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. "மார்ஜரி, என் வெள்ளைக் கழுத்துப்பட்டை எங்க?" "மார்ஜரி, பேராயருக்குப் போற கடிதத்துல கிரேக்க மேற்கோள் சரியான்னு பாரு." நான் கிரேக்கம் கற்றுக்கொடுத்த தம்பி அவன். பட்டம் அவனுக்கு, என் தேர்வுத்தாளில் நான் அவனைவிட மேல் என்று பேராசிரியர் தனிக் கடிதம் எழுதினார். பெண்களுக்குப் பட்டம் இல்லை, கடிதம்தான். அதை எந்த அலமாரியில் வைத்தேன் என்று இப்போது நினைவில்லை. பிறகு ஆனி: "அம்மா, மீன்காரர் வந்திருக்காரு." பிறகு கூலிக்காரர் குடியிருப்புக்குக் கஞ்சி. பிறகு உதவிப் பாதிரியார் டோப்ரி, தன் இளம் மனைவி உரக்கச் சிரிக்கிறாள், நான் கொஞ்சம் சொல்லித் திருத்த வேண்டும் என்று கேட்க.

கஞ்சிக் கூடையோடு திரும்பும்போது ஆற்றின் மதகுக்கு மேலே ஒரு நடைபாலம் உண்டு. அங்கே நின்றால் தண்ணீர்ச் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. அங்கேதான் எழுதினேன், மனத்துக்குள். வீட்டுக்கு வந்து படியெடுத்தது மட்டும்தான் கை.

ஆற்றில்தான் முடித்திருக்கிறேன். குற்றவுணர்ச்சி, புயல், அலறல் ஒன்றுமில்லை. படிக்கும் எவரும் அவளைத் திட்ட மாட்டார்கள்.

உன்னோடு இன்னும் சண்டை போட ஒன்று மிச்சம் இருக்கிறது. அழகு வேலைக்காரி இல்லை என்கிறாய். இருக்கட்டும். ஆனால் புத்தகம் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. கதவைத் திறப்பது யார், எந்த வயது, அன்று அவள் மனம் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. தெரியாத வீட்டுக்குள் போகிறவள் காலைத் துடைத்துக்கொண்டு போவதில்லையா? நான் இத்தனை வருடமாகக் கொன்றதெல்லாம் அந்தத் தெரியாத பெண்ணுக்காகத்தான் என்று நினைத்துவந்திருக்கிறேன். அவளைப் பத்திரமாக வைத்திருக்க.

இது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அது எனக்குப் பழக்கமில்லை. இரவு இரண்டு முறை எழுந்து அது இழுப்பறையில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மார்ஜரி

*

ப்ரூஜ்
8 பிப்ரவரி

அடி மார்ஜரி,

மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை பென்சிலோடு, தவறு கண்டுபிடிக்க. மூன்றாம் முறை பென்சில் கீழே உருண்டுபோனது, எடுக்கவில்லை.

புத்தகத்திலேயே சிறந்தது இதுதான். என் பேரிக்காயைவிட. அவள் காலணிகளைக் கழற்றிக் கரையில் ஒன்றையொன்று பார்த்தபடி வைக்கிறாளே, அது. நாணல்களுக்கு நடுவே வெளிச்சம் மெலிந்துகொண்டே போவது. "நீர் அவளிடம் எதையும் கேட்கவில்லை." இந்த வரியை எழுத நான் என் இடது கையைக் கொடுத்திருப்பேன்.

இப்போது என் நிலைமையைப் பார். அழகாக இருந்தால் போதும் என்று இருபது வருடமாகச் சொன்னவள் நான். இதோ அழகாக இருக்கிறது. என் சட்டப்படி எனக்கு வாய் திறக்க வழியில்லை. ஆனாலும் படித்து முடித்ததும் ஜன்னலைத் திறந்துகொண்டு கத்த வேண்டும் போலிருந்தது: இது பொய்! நான் சாகவில்லை! நேற்று மீன் சந்தையில் நத்தை வாங்கினேன், பக்கத்து வீட்டுக்காரி பூண்டு கொடுத்தாள், இருவரும் சிரித்துக்கொண்டே தின்றோம்! பொய் இவ்வளவு அழகாக இருக்கலாமா, மார்ஜரி? இருக்கலாம் என்று நான்தானே சொன்னேன். என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். நீ தர்க்கப் பாடத்தில் எப்போதும் என்னை இப்படித்தான் மடக்குவாய், ஆனால் அப்போது நீ பேசுவாய். இப்போது பேசாமலே செய்துவிட்டாய்.

இருக்கட்டும். ஸ்பர்லிங்குக்கு அனுப்பிவிடு. நான் மறுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும். அடலினுக்கு அந்தத் தண்ணீரைத் தெரியாது. அவளை எழுதியவள் நான், எனக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது? கஞ்சிக் கூடையோடு அந்தப் பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறாய்?

இதற்குப் பதில் எழுது. மற்றதற்கெல்லாம் வேண்டாம்.

உன் பிலிப்பா

*

கோல்ஃபர்ட்
24 பிப்ரவரி

அன்புள்ள பிலிப்பா,

நீ கேட்டதற்குப் பதிலைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

அத்தியாயத்தின் புரூஃப் ஸ்பர்லிங்கிடமிருந்து வந்தது. நூலகத்துக்காரர் படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தாராம்; புத்தகத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். தாள்களை உணவு மேசையில் வைத்துவிட்டு மீன்காரரிடம் போனேன். திரும்பி வந்தபோது எட்மண்ட் அதைப் படித்துக்கொண்டு நின்றிருந்தான். கண்ணில் நீர்.

"இதை யார் எழுதினது?"

"மார்லண்ட்னு ஒருத்தர்."

"இந்த ஆளு பெரிய பாதிரியாரா வந்திருக்க வேண்டியவன். புருஷனை விட்டுட்டுப் போனவளைத் திட்டவே இல்ல பாரு. ஆனா படிக்கிறவளுக்கு வீட்டை விட்டு வெளிய கால் வைக்க மனசு வராது." தாள்களை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். "புதன்கிழமை தாய்மார் கூட்டத்துல வாசிக்கிறேன். லெந்து தவக்காலத்துக்கு இதைவிட நல்லது கிடைக்காது."

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். நான் எழுதினேன் என்று சொன்னால் அவன் பெருமைப்படுவான். அதுதான் தாங்க முடியாது.

வாசித்தான். அவன் குரல் நல்ல குரல். பெண்கள் தைத்துக்கொண்டிருந்த ஊசிகளை நிறுத்திவிட்டார்கள். நான் பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு என் வரிகளைக் கேட்டேன். உன்னிடம் மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை நெல்லி டோப்ரி வந்தாள், உதவிப் பாதிரியாரின் மனைவி. உரக்கச் சிரிப்பதாக நான் திருத்த வேண்டியவள். இருபத்திரண்டு வயது. கடன் வாங்கிய பலகாரத் தட்டைத் திருப்பித் தர வந்தாள். ஓரம் முழுக்கச் சேறான பாவாடை.

"என்ன நெல்லி, எந்த வழியா வந்தே?"

"மதகு வழியா, மிஸ் ஹோல்ட். சுத்துதான். சும்மா பாத்துட்டு வரலாம்னு." தட்டை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். "நேத்து அந்தப் பொண்ணு செத்தது எவ்வளவு அழகா இருந்துச்சு இல்ல?"

"கதைதானேம்மா."

"கதைதான். ஆனா நான் தண்ணியைப் பத்தி அப்படி நினைச்சதே இல்ல. சேறும் தவளையும்னுதான் நினைச்சிருந்தேன்." சிரித்தாள். இப்போதெல்லாம் மெதுவாகத்தான் சிரிக்கிறாள். "'நீர் அவளிடம் எதையும் கேட்கவில்லை'ன்னு வாசிச்சாரே. காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்னை எல்லாரும் ஏதாவது கேட்டுட்டே இருக்காங்க. அவரு நான் எப்படி நிக்கணும்னு சொல்றாரு, எப்படி உக்காரணும்னு சொல்றாரு. எதையும் கேக்காத ஒரு இடம் இருக்குன்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல."

பிலிப்பா, அவள் துயரத்தோடு சொல்லவில்லை. நல்ல துணிக்கடை ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவளைப் போலச் சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது பொய், நெல்லி. தண்ணி எல்லாத்தையும் கேக்கும். அதைப்போல கேக்கிறது வேற எதுவுமே இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அந்தப் பாலத்துல தினமும் நிக்கிறவ."

இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வயதில், சாம்பல் நிறத் தொப்பியோடு, ஊருக்கே கஞ்சி கொண்டுபோகிறவளை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள், சத்தமாக. யாரும் திருத்தவில்லை. இன்று முதல் தினமும் காலையில் இங்கே வருகிறாள். சபைத் துணிகளைப் பிரிக்க எனக்கு ஆள் வேண்டும் என்று டோப்ரியிடம் சொல்லிவிட்டேன். ஆனி அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவருகிறாள்.

அந்தத் தெரியாத பெண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதினேனே உனக்கு? அவள் வந்தாள். நான் அவள் கையில் கொடுத்தது இதுதான். உன் பேரிக்காயைப் படித்திருந்தால் அவள் சந்தைக்குப் போயிருப்பாள்.

உர்சுலாவை நினைக்கிறேன். என்ன செய்வது என்று சொல்.

மார்ஜரி

*

ப்ரூஜ்
1 மார்ச்

மார்ஜரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனாலும் கேள். ஸ்பர்லிங் எனக்கு எழுதிவிட்டார். ஈஸ்டருக்கு முன் பெட்டிகள் கிளம்புகின்றன. நான்கு வருடம் எழுதிய புத்தகம். முடிவை மாற்றச் சொன்னால் நூலகம் கைவிடும், உர்சுலா கையில் ஒன்றும் இராது. அவள் நெல்லி இல்லை. அவளுக்கு என் பிடிவாதம் உண்டு, இருக்கும், இருக்க வேண்டும். முதல் இரண்டு பாகத்தில் நான் இருக்கிறேன், அவள் கண்டுபிடிப்பாள். மூன்றாவதை வேறொருத்தி எழுதினாள் என்று என்றாவது ஒருநாள் நேரில் சொல்லிக்கொள்வேன். அந்த நாள் எப்போது என்று கேட்காதே.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இருக்கட்டும் விடு. ஒன்றும் செய்யாதே. ஒன்றும் செய்யாமலிருப்பது உனக்கு வராத வித்தை இல்லையே.

பி.

இதை எழுதியதற்கு மன்னித்துவிடு. வேறு தாள் இல்லை.

*

கோல்ஃபர்ட்
6 மார்ச்

அன்புள்ள பிலிப்பா,

இந்தக் கடிதத்தை இன்று அனுப்பப்போவதில்லை. அனுப்பினால் நீ தந்தி அடிப்பாய்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். பாலத்தில் நிற்பது சாவதற்காக இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். அங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான் என்று. ஆனால் அடலினின் காலணிகளைக் கரையில் எப்படி வைக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. எழுதும்போது அது தயாராக இருந்தது. எப்போதோ முடிவு செய்து வைத்ததைப் போல. அதனால்தான் அது அழகாக வந்தது. என் ஆசையை உன் கதாநாயகிக்குப் போட்டுவிட்டேன், அதற்கு ஒழுக்கம் என்று பெயரும் வைத்தார்கள்.

இன்று காலை உணவின்போது எட்மண்ட் முட்டையை உடைத்துக்கொண்டே கேட்டான்:

"அந்த மார்லண்ட் புத்தகம் முடிஞ்சுதா?"

"கடைசி புரூஃப் இன்னிக்குப் போகணும்."

"முடிவை ஒண்ணும் தொட்டுடாதே. ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."

"எழுதினவங்க எழுதினபடியேதான் போகும்."

"அதான் சரி" என்றான். பிறகு, "உப்பு" என்றான். உப்பை நகர்த்தினேன்.

அவனிடம் நான் பொய் சொல்லவில்லை, பிலிப்பா. உன் பழைய அத்தியாயத்துக்குக் கோத்த அச்செழுத்துகள் இன்னும் கலைக்கப்படவில்லை. போன மாதம் புரூஃப் உறையோடு வந்த சீட்டில் அச்சகத்தார் கேட்டிருந்தார்கள், கலைத்துவிடலாமா, ஈயம் வேண்டியிருக்கிறது என்று. பதில் எழுத மறந்திருந்தேன். மறந்தேன் என்றுதான் நினைத்தேன். அவர்கள் என் எம். எச். என்ற இரண்டெழுத்தைப் பார்த்தால் மறுகேள்வி கேட்பதில்லை. ஸ்பர்லிங் தான் வெளியிடும் நாவல்களைப் படிப்பதில்லை, அவருக்கு ஜீரணம் ஆகாதாம். நூலகத்துக்காரர் ஒருமுறை அழுதாகிவிட்டது. கட்டுகட்டாக வந்து இறங்கும் புத்தகத்தை மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார். நானும் அவர்கள் எல்லோரும் நம்புகிற ஆள். இத்தனை வருடம் நல்லவளாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான். அதை மொத்தமாக ஒரே நாளில் செலவழிக்கப்போகிறேன்.

யாராவது ஒரு தகப்பனார் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நூலகத்துக்கு எழுதுவார். பிறகு திரும்பப் பெறுவார்கள். ஆனால் முதல் பெட்டிகள் போயிருக்கும். ஜெரால்ட் வீட்டுப் பெட்டியும். உர்சுலா எந்தப் புத்தகத்தையும் ஒரே இரவில் முடித்துவிடுவாள். போன ஈஸ்டருக்குப் போனபோது பார்த்தேன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உன் கண்.

ஸ்பர்லிங் இனி எனக்குப் பார்சல் அனுப்ப மாட்டார். விஷயம் எட்மண்டுக்குத் தெரியவரும். இந்த வீட்டில் அதன் பிறகு என் இடம் என்ன என்று நினைத்துப் பார்த்தேன்; இப்போது என் இடம் என்ன என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. நெல்லியிடம் மட்டும், நான் ஊரில் இல்லாத நாளிலும் காலையில் ஆனியிடம் வந்து உட்கார வேண்டும் என்று சொன்னேன். "எங்க போறீங்க, மிஸ் ஹோல்ட்?" என்றாள். "சும்மா சொன்னேன்" என்றேன். நேற்று ஆனி சொன்ன எதற்கோ சமையலறையில் அவள் உரக்கச் சிரித்தது இரண்டு அறை தாண்டி எட்மண்டின் படிப்பறைக்குள் கேட்டது. அவன் எழுந்து கதவைச் சாத்தினான். நான் என் கதவைத் திறந்து வைத்தேன்.

நீ ஒன்றும் செய்யாதே என்கிறாய். உன் புத்தகத்தில் கை வைக்க எனக்கு இனி உரிமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்றங்கரை அத்தியாயம் என்னுடையது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் எழுதியதிலேயே அழகானது அதுதான். இனி அப்படி ஒன்றை எழுதுவேனா, தெரியாது. கணப்பில் போட்டபோது கொஞ்சம் அழுதேன், எட்மண்ட் அழுத அதே இடத்தில்.

பரணில் வைக்கோலுக்குள் போன இலையுதிர் காலத்துப் பேரிக்காய்கள் நாலைந்து மிச்சம் இருந்தன. தோல் சுருங்கி, பழுப்பேறி. ஒன்றை எடுத்துக் கத்தியின் முதுகால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ என்னதான் கேட்டாய் என்று நேரில் கேட்க வேண்டும். ஜன்னலில் உட்கார்ந்து தின்றேன். பாதி அழுகல். மீதிப் பாதி மிக நன்றாக இருந்தது.

கீழே "மார்ஜரி!" என்று கூப்பிடுகிறான். தபால் வண்டி பதினோரு மணிக்கு. உன் பேரிக்காய் அத்தியாயம் அச்சகத்துக்குக் கட்டி முடித்து மேசைமேல் இருக்கிறது, முகப்பில் என் இரண்டெழுத்து. இதை இந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை; உன்னிடமும் இன்னும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். தபால் நிலையத்துக்கு மதகு வழியாகப் போகப்போவதில்லை.

மார்ஜரி